வேம்போடையின் பொழுதைப் போக்கிய சபை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதம் பதினோராம் தேதி, பகல் மூன்று மணி சுமாருக்கு, வேம்போடை ஜனங்களுக்குப் பொழுது போகவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் ஏலக்காய் வியாபாரியும் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டுமாகிய ஸ்ரீமான் சுயம்புலிங்கம். கண்டுபிடிக்கப்பட்ட இடம் அவருடைய ஏலக்காய்க் கிடங்கு. அந்த நேரத்தில் ஜனங்கள் வயலில் இருந்தார்கள். இரண்டாம் போகம் கதிர் வாங்கி நின்ற சமயம். விடிவெள்ளி இருக்கும்போது போனவர்கள் விளக்கு வைக்கும்போதுதான் திரும்பினார்கள். ஆகவே தங்களுக்குப் பொழுது போகாத செய்தி அவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவே தெரிந்தது.

காரணம் மேலிடத்திலிருந்து வந்த ஒரு தாக்கீது. வரும் சித்திரையில் சக்கரவர்த்தியின் வெள்ளி விழா. ஊருக்கு ஊர் நிலையான ஞாபகச் சின்னம் ஒன்று வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் கிணறு வெட்டுவதாக எழுதிவிட்டது. இன்னோர் ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடுவதாக எழுதியது. இதையெல்லாம் கேள்விப்பட்ட சுயம்புலிங்கம் அந்த ஊர்களுக்காக வருத்தப்பட்டார். கிணற்றுக்குள் தண்ணீர் இருக்கும். ராவ்சாகிப் பட்டம் இருக்காது.

பூங்கா என்று அவர் முடிவு செய்தார். முடிவு செய்த பிறகு, அதைப் பற்றி ஆலோசிக்க ஒரு சபை அமைத்தார். அதுதான் வேம்போடைப் பூங்கா மற்றும் பொழுதுபோக்கு ஆலோசனை சபை. ஐந்து மெம்பர்கள். காரியதரிசி ஞானசிகாமணி, ரிஜிஸ்தர் ஆபீசில் முப்பது வருஷம் பிறர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக் கை பழகியவர். தலைவர் சுயம்புலிங்கம்.

சபைக்கு அதிகாரம் கிடையாது. அது ஆலோசனை மட்டும் சொல்லலாம். ஆலோசனையை ஏற்பதோ தள்ளுவதோ பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டின் இஷ்டம். ஆகவே சுயம்புலிங்கம் தலைப்பாகை கட்டிக்கொண்டு தலைவராக உட்கார்ந்து பிரசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, பிரசிடெண்டாக அதைப் பிரித்துப் படித்தார். பட்சபாதம் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டி, முதல் ஆலோசனையைப் பிரசிடெண்ட் நிராகரித்தார். சபைத் தலைவர் இதில் மிகவும் மனம் நொந்துபோனார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பிறகு இடம் தேடும் படலம். மெம்பர்கள் ஐவரும் இரண்டு வில்வண்டிகளில் ஊரைச் சுற்றி வந்தார்கள். வாய்க்கால் ஓரம் பச்சையாக இருந்தது. அங்கே நெல் நின்றது. தோட்டக்கால் பச்சையாக இருந்தது. அங்கே வாழை நின்றது. வடக்கே களத்துமேடு மட்டும் மரம் இல்லாமல், புல் இல்லாமல், ஆள் இல்லாமல், உள்ளங்கை மாதிரி சமமாகக் கிடந்தது.

"இவ்வளவு நல்ல இடம் இப்படி வீணாகக் கிடக்கிறதே!" என்றார் தலைவர்.

அது ஊர்ப்பொதுக் களம். சிறு சம்சாரிகள் எல்லோரும் கதிரடிக்கும் இடம். மாசி மாதத்தில் கதிர் வயலில் நிற்குமே ஒழியக் களத்துக்கு வராது. இதைச் சபையில் யாரும் சொல்லவில்லை. வேம்போடையில் சொந்தமாகத் தனிக்களம் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் சபையில் இருந்தார்கள்.

பங்குனி பிறந்து பத்து நாள் கழித்து முத்துக்கருப்பன் கதிர் அறுத்தான். ஒன்றரை ஏக்கர். அவனும் அவன் பெண்சாதி சங்கிலியம்மாளும், மூன்று பிள்ளைகளும், ஒரு குருட்டு மாமனாரும் அடுத்த போகம் வரைக்கும் தின்ன வேண்டிய சோறு அந்தக் கட்டுகளில் இருந்தது. முதல் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போனவன், அங்கே முள்வேலியையும் ஒரு பெரிய பலகையையும் கண்டு நின்றான். முள்வேலிக்கு நடுவே ஒரு படல் கதவு. படலுக்கு முன்னால் காக்கித் தொப்பியும் விசிலுமாகப் பேச்சிமுத்து.

பேச்சிமுத்து அந்தக் களத்துக்குப் பதினேழு வருஷமாகக் காவல்காரன். இப்போது அதே இடத்துக்குப் பூங்காக் காவலர். முன்பு கள்ளனை உள்ளே விடாமல் இருப்பது அவன் வேலை. இப்போது நெல்லை.

"மாமா, சுமையோட உள்ள விடக் கூடாதாம்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரு சொன்னாக?"

"பலகை."

முத்துக்கருப்பனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். சுமையை இறக்காமலே படித்தான். மொத்தம் பதினான்கு விதி. பொழுதுபோக்கு தவிர வேறு நோக்கத்தோடு உள்ளே வரக்கூடாது. மூன்றாம் விதி: மரியாதையை உத்தேசித்து, செருப்பு அணியாதவர்களுக்கு அனுமதி இல்லை. ஐந்தாம் விதி: புல்லை மிதிக்கக் கூடாது. ஏழாம் விதி: உலாவுகிறவர்கள் வலமாக மட்டுமே சுற்றி உலாவ வேண்டும். ஒன்பதாம் விதி: பிறர் திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கக் கூடாது.

"புல்லு எங்கடா இருக்கு?" என்றான் முத்துக்கருப்பன்.

"வரும்னு சொல்லிருக்காக."

புல் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வாய் கொப்பளித்த இடத்தில்கூட ஏதாவது முளைக்கும். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும், ஒன்றும் முளைக்கக் கூடாது என்று ஏழெட்டுத் தலைமுறையாகச் செம்மண்ணும் சாணியும் கொட்டிக் கெட்டித்து, மாட்டை விட்டு மிதித்து, கல்லாக்கி வைத்திருந்த ஒரே இடத்தைச் சபை தோட்டம் போடத் தேர்ந்தெடுத்திருந்தது. ரோஜாவுக்குக் குழி தோண்டப் போட்ட கடப்பாரை கோயில் மணி மாதிரி நாதம் எழுப்பி மேலே வந்தது. இரண்டாவது கடப்பாரை வளைந்தது. தரையில் விரற்கடை அளவு வடு விழுந்தது. சபை கூடி, 'மண் மிகவும் உறுதியானது, ஞாபகச் சின்னத்துக்கு ஏற்றது' என்று தீர்மானித்தது. கொடைக்கானலிலிருந்து வந்த ரோஜாக்களைச் சட்டியோடு வரிசையாக வைத்தார்கள். அன்று மாலையே ஆடுகள் அவற்றைத் தின்றன. சபை மறுபடியும் கூடி, ஆடுகள் வரக்கூடாது என்று பதினைந்தாம் விதியைச் சேர்த்தது. விலை கொடுத்து வாங்கிய புல்விதையைத் தூவினார்கள். ஊர்க்குருவி அத்தனையும் வந்து இறங்கியது. 'பறவைகளின் வருகை: திருப்திகரம்' என்று ஞானசிகாமணி மினிட் புத்தகத்தில் எழுதினார்.

நீரூற்று ஒன்றும் உண்டு. களத்துமேட்டில் தண்ணீர் கிடையாது என்பதால், ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் பரண் கட்டி ஒரு பீப்பாயை ஏற்றி வைத்தார்கள். பெரிய மனுஷர் யாராவது வந்தால் பேச்சிமுத்து பரண்மேல் ஏறி அடைப்பை உருவ வேண்டும்.

முத்துக்கருப்பன் மனு எழுதிக்கொண்டு ஏலக்காய்க் கிடங்குக்குப் போனான். மூன்று நடை போன பிறகு சபை அவனை உள்ளே கூப்பிட்டது.

"ஏலே முத்துக்கருப்பா, என்ன வேணும்?" என்றார் சுயம்புலிங்கம்.

"களம் வேணும்ங்க மொதலாளி. கதிரு வயல்ல கட்டுக் கட்டாக் கிடக்கு. கீழ ஈரம். மேல மேகம்."

"களமா? எங்கன இருக்கு களம்?"

"அங்கனதாங்க. வடக்க."

"அங்கன பூங்கால்ல இருக்கு?"

"பூங்காவுக்குக் கீழ களம் இருக்குங்களே."

ஞானசிகாமணி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பூங்காவுக்குக் கீழே பூமிதான் இருக்கிறது. வேறு இருப்பதாக ரிக்கார்டு இல்லை."

ஆனாலும் சபை நியாயம் தவறாதது. கதிரடிப்பு ஒரு பொழுதுபோக்கா என்று பரிசீலிக்க முன்வந்தது. பொழுதுபோக்கில் மூன்று இனம்: விளையாட்டு, உலாவல், காட்சி. விளையாட்டு என்றால் ஜெயிக்கிறவர் யார்? உலாவல் என்றால் தலையில் ஏன் சுமை? காட்சி என்றால் பார்க்கிறவர் எங்கே? முத்துக்கருப்பன் ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கதிரடிக்கையில உனக்குச் சந்தோஷம் வருமா?" என்றார் தலைவர்.

"நெல்லு நல்லா விழுந்தா வரும்ங்க."

"விழுகாட்டி?"

"அழுகை வரும்ங்க."

"அழுகை நமது வரம்பில் சேராது" என்றார் ஞானசிகாமணி. மை தொட்டு எழுதியும் கொண்டார்.

சுயம்புலிங்கம் எழுந்து நின்றார். கேட்பவர் ஒருவராக இருந்தாலும் நின்று பேசுவதுதான் அவர் வழக்கம். "பாரப்பா. ஜனங்களுக்கு என்ன வேணும்னு ஜனங்களக் கேட்டா அவுக என்ன சொல்றாக? நெல்லுங்கிறாக. தண்ணிங்கிறாக. ரோடுங்கிறாக. ஒருத்தனாச்சும் உல்லாசம்னு கேட்டானா? கேக்கத் தெரியாது. அதனாலதான் நாங்க கேக்கிறதில்ல. உங்களுக்காக நாங்களே கூடி, நாங்களே பேசி, நாங்களே சந்தோஷப்பட்டு, மிச்சத்த உங்களுக்குத் தாரோம். இதுல என்ன குறை? களம்தான் வேணும்னா ஒண்ணு சொந்தமாப் போட்டுக்கிற வேண்டியதுதான? நான் போட்டுக்கிறலையா?"

"ஐயா களத்துல ஒருநா விட்டாகன்னா..."

"எங்க வேலை முடியட்டும். ஆனியில ஒழியும். அப்ப வா."

சபை அவன் மனுவை ஓர் உபசபைக்கு அனுப்பியது. உபசபை ஆனி மாதம் கூடும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். சங்கிலியம்மாள் முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் மூன்று நாளாக மேகம் வந்து வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. கட்டுகளை மேட்டு வரப்பில் அடுக்கித் தென்னங்கீற்றால் மூடியிருந்தார்கள். ஒரு கோடைமழை போதும், கட்டோடு முளைத்துவிடும்.

"ஆனியிலயா? அதுவரைக்கும் பெய்யக் கூடாதுன்னு மேகத்துக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வாரீகளா?" என்றாள்.

"நான் என்ன செய்யட்டும்? கேள்வி மேல கேள்வி கேக்குறாக. எனக்கு அவுக பேசுறது பாதி வெளங்கல."

"மீதிப் பாதி வெளங்குச்சா?"

அவன் கீற்று சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வரப்புக்குப் போனான்.

இந்த நிலையில் சபைக்கு ஒரு பெரிய சந்தோஷமும் ஒரு பெரிய கவலையும் வந்தன. பூங்காவைத் திறந்து வைக்க ஒரு துரை சம்மதித்திருந்தார். பங்குனி இருபத்தெட்டாம் தேதி பகல் மூன்று மணிக்கு வருகிறார். இது சந்தோஷம். பூங்காவுக்குள் இதுவரை ஒருவர்கூட நுழையவில்லை. இது கவலை. துரை வந்து பார்க்கும்போது ஜனங்கள் உல்லாசமாக இல்லாவிட்டால் சபையின் கதி என்ன? அவசரக் கூட்டம் நடந்தது. மறுநாள் தெருத்தெருவாகத் தமுக்கு வந்தது. இருபத்தெட்டாம் தேதியன்று வீட்டுக்கு இருவர் குறையாமல் பூங்காவுக்கு வந்து, பொழுது சாயும் வரை சந்தோஷமாக இருக்க வேண்டியது. தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.

சங்கிலியம்மாள் தமுக்குக்காரனை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு புருஷனைக் கேட்டாள்.

"குறையாமன்னா, கூட வரலாம்ல?"

"வரலாம்."

"மாட்டப் பத்தி எதுவும் சொன்னாகளா?"

முத்துக்கருப்பன் பலகையை மனதுக்குள் படித்துப் பார்த்தான். "ஆடுதான் வரக் கூடாதுன்னு இருக்கு. மாட்டப் பத்திப் பேச்சே இல்ல."

"சுமையப் பத்தி?"

"சுமைன்னு தனியா விதி இல்ல. நோக்கம் சந்தோஷமா இருக்கணும். அவ்வளவுதான்."

"ஏன், நமக்குச் சந்தோஷம் வராதா? அதான் சபையிலயே எழுதிக்கிட்டாகளே, நெல்லு விழுந்தா வரும்னு." அன்று சாயங்காலத்துக்குள் அவள் களமில்லாத முப்பது வீடுகளுக்கும் நடந்துவிட்டாள். முத்துக்கருப்பன் பின்னாலேயே போய், விதிகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தான். ஊரில் அந்தப் பலகையை முழுக்கப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

இருபத்தெட்டாம் தேதி பொழுது விடிந்தபோது, வேம்போடை ஜனங்கள் அரசாங்க விசுவாசத்தோடு, தலையில் கதிர்க்கட்டும் கையில் மாட்டுக் கயிறுமாக, சந்தோஷப்படுவதற்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து விசிலை வாயில் வைத்தான்.

"அக்கா, செருப்புப் போட்டுட்டுத்தான் வரணுமாம். மூணாம் விதி."

"ஏலே பேச்சி, எத்தன வருஷம் இங்கன காவல் இருந்த?" என்றாள் சங்கிலியம்மாள்.

"பதினேழு."

"களத்துல செருப்போட ஏறுனவன என்ன செஞ்ச?"

"கம்பால போட்டேன். நெல்லுப் பொலி கிடக்கிற எடத்துல செருப்பு ஆகுமா?"

"இன்னைக்கு?"

பேச்சிமுத்து தன் காலைப் பார்த்தான். சபை வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. பதினேழு வருஷத்தில் இல்லாத வழக்கமாக அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதமாக அந்த மண்ணில் நின்றிருக்கிறான். கழற்றிப் படலுக்கு வெளியே வைத்தான். பிறகு படலைத் திறந்தான். மாடுகள் உள்ளே போகும்போது ஊதிக்கொண்டிருந்த விசில், பின்னால் மாடுகளைத் திருப்பி விடுவதற்கும் வசதியாக இருந்தது.

அதன்பிறகு ஒருவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. ஆண்கள் கட்டடித்தார்கள். அடித்த வைக்கோல் தாளைப் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்து அதன்மேல் சுற்றவிட்டார்கள். பெண்கள் காற்றுக்கு முகம் கொடுத்து முறத்தில் தூற்றினார்கள். ஒன்பதாம் விதி காலையிலேயே செத்துப்போயிற்று. பட்டிக்காட்டில் நெல் விழும்போது சிரிக்கிற சிரிப்பு மூன்று தெருவுக்குக் கேட்கும்.

பத்து மணிக்கு ஞானசிகாமணி வந்தார். படலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பலகையையும் களத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முத்துக்கருப்பா, இது என்ன?"

"உலாவுறோம்ங்க."

"மாடுகள்?"

"அதுகளும்தாங்க. வலமாத்தான் சுத்துதுக. ஏழாம் விதி."

ஞானசிகாமணி நான்கு சுற்று எண்ணிப் பார்த்தார். நான்கும் வலம். முப்பது வருஷம் ரிக்கார்டு எழுதிய மனுஷர். கண்ணால் கண்டதை எழுதாமல் இருக்க அவரால் முடியாது. 'உலாவுவோர்: மாடு இருபத்திரண்டு. விதிமீறல் இல்லை' என்று எழுதினார்.

இரண்டரை மணிக்குச் சபைத் தலைவர் தலைப்பாகையும் அல்பாக்கா கோட்டும் பூட்ஸுமாக வந்து இறங்கினார். கையில் துரைக்கு ரோஜாமாலை. அதற்குள் மேடை போட வேண்டிய நடுவிடத்தில் நெல் பொலியாகக் குவிந்து, உச்சியில் சாணியும் அருகம்புல்லும் வைத்தாகிவிட்டது. "பொலி! பொலி!" என்று பெண்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே! எவன்டா இது?" என்று கத்திக்கொண்டு சுயம்புலிங்கம் படலைத் தாண்டினார்.

குரல் நின்றது. முறங்கள் நின்றன. முந்நூறு பேர் அவரைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள்.

சங்கிலியம்மாள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். "மொதலாளி, பொலி கிடக்கு" என்றாள். அந்தப் பக்கம் பேச்சிமுத்து கம்பைக் கையில் எடுத்திருந்தான்.

சுயம்புலிங்கத்துக்குச் சட்டம் தெரியும், சர்க்கார் தெரியும். ஆனால் அவர் இந்த ஊரில் பிறந்தவர். தனிக்களம் வருவதற்கு முன்னால், ஏழு வயதில், இதே மண்ணில் இதே குற்றத்துக்குத் தகப்பனார் கையால் வாங்கிய அறை அவர் கன்னத்தில் இல்லாவிட்டாலும் காலில் இருந்தது. கால் மேற்கொண்டு நகர மறுத்தது. பூட்ஸுக்குக் கயிறு நிறைய. நின்றுகொண்டு அவிழ்க்க முடியாது. ஆகவே படலோரம் சபை நிறுவிய சிமிண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவிழ்த்தார். அந்தப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

மூன்று மணிக்குத் துரை வரவில்லை. சைக்கிளில் ஒரு சேவகன் வந்து, துரைக்கு உடம்பு சரியில்லை என்று சீட்டுக் கொடுத்தான். ஆனால் தயாரித்த பிரசங்கம் வீணாகலாமா? சுயம்புலிங்கம் வெறுங்காலோடு நின்று பேசினார். "மகாஜனங்களே! இன்று நீங்கள் அனுபவிக்கும் இந்த ஆனந்தம் தானாக வந்துவிடவில்லை. நாங்கள் பதினெட்டுத் தடவை கூடியதால் வந்தது..." நெல்தூசு மூக்கில் ஏறி, வாக்கியத்துக்கு ஒரு தும்மல் வந்தது. ஜனங்கள் மேற்கொண்டு தூற்றினார்கள். நீரூற்றுப் பீப்பாயைக் கீழே இறக்கி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் முப்பது வீட்டு நெல்லும் முப்பது வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் உச்சிவேளையில் இடியோடு மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

சபை அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. வைகாசியில் ஒரு மெம்பர் மகா முக்கியமான பிரச்சினையைக் கிளப்பினார்: பூங்காவில் உற்பத்தியான பொருள் பூங்காவுக்குத்தானே சொந்தம்? ஆனியில் உபசபை கூடி, முத்துக்கருப்பன் மனுவைப் பரிசீலித்து, கதிரடிப்பு பொழுதுபோக்கு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. ஆடியில் தலைவர் பிரசிடெண்டுக்கு ஆலோசனை எழுதினார். பிரசிடெண்ட் விளக்கம் கேட்டார். தலைவர் விளக்கினார். ஆவணி முழுவதும் பிரசிடெண்ட் சிந்தித்தார். புரட்டாசி நான்காம் தேதி, முத்திரை குத்திய நோட்டீஸ் பேச்சிமுத்து கையால் முத்துக்கருப்பன் வீட்டுக்கு வந்தது. சென்ற பங்குனி மாதம் இருபத்தெட்டாம் தேதி பூங்காவில் கிடைத்த நெல் முழுவதையும், ஒரு மணி குறையாமல், பதினைந்து நாளைக்குள் சபை முன்னால் கொண்டுவந்து ஆஜர் செய்ய வேண்டியது.

முத்துக்கருப்பன் மூன்று தடவை படித்தான். பிறகு சங்கிலியம்மாளுக்கு வாசித்துக் காட்டினான். அவள் அடுப்படியிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னாள். அவன் அதை நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தனுப்பினான்.

தின்றாகிவிட்டது.